கெடு யாருக்கு?

வீரசோழன் சந்தையில் ஆடு விற்றுவிட்டுத் திரும்பும் ஒரு விவசாயியை நிறுத்தி, “புரோநோட்டு எத்தனை வருஷம் செல்லும்?” என்று கேட்டுப் பாருங்கள். “மூணு வருஷம்” என்று உடனே பதில் வரும். இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல, கடன் கொடுத்தவர். மூன்றாவது வருஷம் முடிவதற்கு முன்னால் ஆள் அனுப்பி, நோட்டை மாற்றி எழுதி வாங்கி, அல்லது பழைய நோட்டின் முதுகில் ஒரு சிறு தொகையை வரவு வைத்துக் கையெழுத்து வாங்கி, அவர் இந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தியிருக்கிறார்.

அதே விவசாயியிடம், “உங்கள் நிலத்தின் மேல் உங்களுக்குள்ள உரிமை எத்தனை வருஷம் செல்லும்?” என்று கேளுங்கள். “எங்க அப்பன் பாட்டன் பூமி. அது எப்படிச் செல்லாமப் போகும்?” என்று அவர் திருப்பிக் கேட்பார்.

போகும் என்கிறது சட்டம். அந்தச் சட்டத்தின் பெயர் காலவரம்புச் சட்டம். வெள்ளைக்காரன் 1859-ல் முதன்முதலாக இதை நாடு முழுமைக்கும் எழுதினான். 1871, 1877, 1908 ஆகிய வருஷங்களில் அது மாற்றி எழுதப்பட்டது. இப்போது அமலில் இருப்பது 1963-ஆம் வருஷச் சட்டம். 1964 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. சிவில் கோர்ட்டுக்குப் போகிற ஒவ்வொரு பிராதுக்கும் அது ஒரு கெடு வைத்திருக்கிறது.

கைக்கடன், புரோநோட்டு, கூலி பாக்கி ஆகியவற்றுக்கு மூன்று வருஷம். மோசடியாக எழுதப்பட்ட பத்திரத்தை ரத்துச் செய்யக் கோருவதற்கு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம். பிறர் கைக்குப் போன நிலத்தைப் பாத்தியத்தின் பேரில் மீட்பதற்கு, அவருடைய அனுபவம் நம்முடைய உரிமைக்கு எதிராக மாறிய நாளிலிருந்து 12 வருஷம். எந்த ஷரத்திலும் அடங்காத வழக்குகளுக்கு மூன்று வருஷம். கெடு தாண்டி ஒரே ஒரு நாள் கழித்துப் பிராது போனாலும், எதிராளி ஆட்சேபிக்காமலே இருந்தாலும், கோர்ட் அதைத் தள்ளியாக வேண்டும். சட்டத்தின் 3-வது பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது.

கெடுவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பாட்டன் வாங்கியதாகச் சொல்லி நாற்பது வருஷத்துக்கு முந்திய நோட்டு ஒன்றைப் பேரனின் முகத்தில் நீட்டினால், அவன் சாட்சிக்கு எங்கே போவான்? தலைமுறையாக உழுது பண்படுத்திய குடியானவனிடம், பட்டணத்திலிருந்து ஒரு வாரிசு வந்து, “இது எங்கள் பூமி, வெளியேறு” என்றால், அவனுக்கு ஏதாவது ஒரு கேடயம் வேண்டாமா? கெடு சில சமயம் ஏழைக்கும் காவலாக நிற்கிறது. இதை ஒப்புக்கொண்டுதான் நாம் கேள்வியை எழுப்புகிறோம். ஒரே கெடுவைக் கடன்காரன் வீட்டிலும் கடன் கொடுத்தவன் வீட்டிலும் மாட்டிவைத்தால், இருவருக்கும் அது ஒரே மாதிரி ஓடுகிறதா?

கடன் சாகாது, நிலம் சாகும்

ஓடவில்லை. சட்டத்தின் எழுத்துக்குள்ளேயே இதற்கு அத்தாட்சி இருக்கிறது.

மூன்று வருஷம் கடந்த கடனுக்காக வழக்குப் போட முடியாது. ஆனால் கடன் செத்துவிட்டதாகச் சட்டம் சொல்லவில்லை. வழக்குப் போடும் வழிதான் அடைபட்டது என்கிறது. காலாவதியான கடனைக் கொடுப்பதாகக் கடன்பட்டவர் மறுபடி எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவின்படி அது மீண்டும் உயிர் பெறுகிறது. நிலத்தின் கதையோ வேறு. 12 வருஷக் கெடு முடிந்தால், காலவரம்புச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி, வழக்குப் போடும் வழி மட்டுமல்ல, அந்தச் சொத்தின் மேலுள்ள உரிமையே அழிந்துபோகிறது. பணம் கொடுத்தவனின் பாத்தியதை படுத்துக் கிடந்து எழுந்திருக்கலாம். மண்ணுக்குச் சொந்தக்காரனின் பாத்தியதை படுத்தால் எழுந்திருக்காது.

இன்னொரு ஷரத்தைப் பாருங்கள். பிரதிவாதி இந்தியாவுக்கு வெளியே இருந்தால், அவர் வெளியே இருந்த காலம் கெடுவில் கழிக்கப்படும் என்கிறது 15-வது பிரிவு. அதாவது, கடன் வாங்கியவர் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ பிழைக்கப் போனால், கடன் கொடுத்தவரின் கெடு அவருக்காகக் காத்திருக்கும். ஆனால் அப்படிப் போனவரே வாதியாக வர வேண்டியிருந்தால்? அவருடைய பூமியை அவர் இல்லாத நேரத்தில் வேறொருவர் வளைத்துக்கொண்டிருந்தால்? அவர் வெளியே இருந்த காலத்தைக் கழித்துக் கொடுக்க ஒரு வரிகூட இல்லை.

மைனருக்கும் சித்த சுவாதீனம் இல்லாதவருக்கும் சட்டம் சலுகை தருகிறது. அதுவும் 18 வயது நிறைந்து மூன்று வருஷத்துக்கு மேல் நீளாது. எழுதப் படிக்கத் தெரியாமை, வறுமை, ஊரைவிட்டுப் பிழைக்கப் போனது ஆகிய மூன்றும் சட்டத்தின் கண்ணில் இயலாமை அல்ல. நம் கிராமங்களில் இந்த மூன்றைத் தவிர வேறு இயலாமை எத்தனை பேருக்கு இருக்கிறது?

சர்க்காருக்கு 30, ஜனங்களுக்கு 12

நிலத்துக்காகக் குடிமகன் 12 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். சர்க்கார் வழக்குப் போட 30 வருஷம். 1908-ஆம் வருஷச் சட்டத்தில் இது 60 வருஷமாக இருந்தது. கலெக்டர், தாசில்தார், சர்வேயர், சர்க்கார் வக்கீல் என்று இத்தனை சேனை வைத்திருப்பவருக்கு நீண்ட கெடு. ஒற்றை ஆளாக நிற்பவருக்குக் குறுகிய கெடு!

அப்பீலில் தாமதமானால், போதிய காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க 5-வது பிரிவு இடம் தருகிறது. இந்தப் பிரிவு அப்பீலுக்கும் மனுக்களுக்கும் மட்டுமே. முதல் பிராதுக்குக் கிடையாது. இதைத் தாராளமாக உபயோகிப்பது யார்? 2020 அக்டோபரில் மத்தியப் பிரதேச சர்க்கார் 663 நாள் தாமதமாக ஓர் அப்பீலைக் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் கண்டித்து, 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்தது. கண்டனம் சரியே. ஆனால் மேலிடத்தில் தள்ளிவிட்டார்கள் என்று காட்டிக் கோப்பை மூடுவதற்காகவே சர்க்கார்கள் இப்படி வருகின்றன என்பதை அந்த நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. கையில் கோப்பும் சம்பளம் வாங்கும் வக்கீலும் உள்ளவர்கள் 663 நாள் தூங்கலாம். மன்னிப்புக் கேட்கவாவது அவர்களுக்கு ஒரு கதவு உண்டு. நிலம் இழந்தவர் ஒரு நாள் பிந்தினால் தட்டுவதற்கே கதவில்லை.

இமாசலப் பிரதேசத்தில் ஹமீர்பூர் ஜில்லாவில் நடந்ததைக் கேளுங்கள். 1967-68-ல் சர்க்கார் ரோடு போடுவதற்காக ஒரு விதவையின் நிலத்தை எடுத்துக்கொண்டது. சட்டப்படி கையகப்படுத்தவில்லை, காசும் கொடுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் 2010-ல்தான் ஐகோர்ட்டுக்குப் போக முடிந்தது. சர்க்கார் என்ன பதில் சொன்னது? “42 வருஷமாக நாங்கள் அனுபவித்து வருகிறோம், எதிரிடை அனுபவத்தால் நிலம் எங்களுடையதாகிவிட்டது” என்றது! 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தைத் தூக்கி எறிந்தது. மக்கள்நல அரசு தன் குடிமகனின் நிலத்தை எதிரிடை அனுபவத்தின் பேரில் விழுங்க முடியாது என்று தீர்ப்பளித்து, நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அப்போது அந்த அம்மாளுக்கு வயது 80. நியாயம் கிடைத்தது. ஆனால் அரை நூற்றாண்டுக்குப் பிறகு, டில்லி வரை போன பிறகு. வீரசோழனிலிருந்து டில்லிக்குப் போகக்கூடியவர் எத்தனை பேர்?

மனு கொடுத்தால் கெடு நிற்காது

இனி நம் பூமிக்கு வருவோம். சேதுபதி சமஸ்தானமும் சிவகங்கை ஜமீனும் ஆண்ட பழைய இராமநாதபுரம் ஜில்லாவின் பகுதி இது. 1948-ஆம் வருஷ எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் இங்கே ரயத்துவாரி பட்டா வந்தது. பிறகு 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுவதும் யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு திருத்தும் திட்டம் நடந்தது. அந்தத் திட்டத்தில் ஏராளமான பிழைகள் ஏறின. அண்ணன் பெயர் இருக்கத் தம்பி பெயர் விட்டுப்போனது. ஒருவருடைய சர்வே நம்பர் இன்னொருவர் பட்டாவில் சேர்ந்தது. விற்றவர் பெயரே நீடித்து, வாங்கியவர் பெயர் ஏறாமல் நின்றது. யு.டி.ஆர். பிழை என்ற சொல் இன்று தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம்.

திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் வட்டாரம் வானம் பார்த்த பூமி. கிருதுமால் நதியில் தண்ணீர் வந்தால் கண்மாய் நிறையும். இல்லாவிட்டால் சீமைக் கருவேல்தான் விளைச்சல். மழை பொய்த்த வருஷம் ஜனங்கள் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள். நிலம் கிடக்கிறது, பட்டாவை யாரும் பார்ப்பதில்லை. இதுவரை அதனால் பெரிய ஆபத்தில்லை. கருவேல் காட்டுக்கு ஆசைப்பட யார் இருந்தார்கள்? இன்று நிலைமை அப்படியில்லை. பக்கத்துக் கமுதியில் அதானி கம்பெனியின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் 2016-ல் எழுந்தது. வறண்ட பூமியும் ஆயிரக்கணக்கான ஏக்கராக விலை பேசப்படும் சரக்கு என்பதை அது காட்டிவிட்டது. விலை பேசும்போதுதான் பத்திரமும் பட்டாவும் புரட்டப்படுகின்றன. அப்போதுதான் பலருக்குத் தங்கள் நிலம் வேறு பெயரில் நிற்பது தெரிய வருகிறது.

தெரிந்ததும் ஏழை என்ன செய்கிறார்? வக்கீலிடம் போவதில்லை, அதற்குப் பணமில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் போகிறார். தாசில்தாரிடம் மனு கொடுக்கிறார். கலெக்டரின் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நிற்கிறார். ரசீது வாங்குகிறார். “விசாரணையில் உள்ளது” என்று பதில் வருகிறது. மறுபடி மனு, மறுபடி ரசீது. வருஷங்கள் ஓடுகின்றன. கடைசியில் ஒரு நாள், “இது உரிமை சம்பந்தப்பட்ட விவகாரம், சிவில் கோர்ட்டுக்குப் போய்ப் பரிகாரம் தேடிக்கொள்ளவும்” என்ற உத்தரவு அவர் கையில் கொடுக்கப்படுகிறது. அவர் அருப்புக்கோட்டைக்கு ஓடுகிறார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “கெடு தாண்டிவிட்டது” என்கிறார்.

தோழர்களே! இதுதான் இந்தச் சட்டத்தின் கொடுமையிலெல்லாம் பெரிய கொடுமை. அதிகார வரம்பு இல்லாத கோர்ட்டில் நல்ல நம்பிக்கையுடன் வழக்காடிக் கழித்த காலத்தை 14-வது பிரிவு கழித்துக் கொடுக்கிறது. ஆனால் தாலுகா ஆபீஸில் மனுவோடு காத்திருந்த காலத்துக்குச் சாதாரணமாக அந்தச் சலுகை கிடையாது. மனு மேல் மனு கொடுப்பதால் கெடு நீளாது என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. காத்திருக்கச் சொல்வது சர்க்கார் ஆபீஸ். காத்திருந்ததற்காகத் தண்டனை அடைவது குடிமகன். கெடு தாண்டியது அவர் குற்றமா, அவரை அலைக்கழித்தவர்கள் குற்றமா?

தொழிலாளிக்கு ஒரு வருஷம் குறைந்தது

அருப்புக்கோட்டை மில் தொழிலாளியின் கதையும் இதோடு சேர்ந்ததே. வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி நேரடியாகத் தொழில் நியாயமன்றம் போக, 2010-ஆம் வருஷத் திருத்தம் மூன்று வருஷக் கெடு கொடுத்தது. 2025 நவம்பர் 21 அன்று மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் அதை இரண்டு வருஷமாக வெட்டிவிட்டது. கூலி பாக்கிக்கு மனுப் போடும் கெடு, முன்பு சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் 12 மாதமாகவும் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆறு மாதமாகவும் இருந்தது; புதிய கூலித் தொகுப்பில் மூன்று வருஷமாகியிருக்கிறது. அதை நாம் மறைக்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் பாக்கிக் கூலிக்கு மூன்று வருஷமும் பறிபோன வேலைக்கு இரண்டு வருஷமும் என்பது என்ன நியாயம்? வேலையிழந்தவன் வயிற்றுப்பாட்டுக்கு வேறு ஊர் போய், கால் ஊன்றித் திரும்பிப் பார்ப்பதற்குள் கெடு முடிந்துவிடும். முதலாளி எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

கடிகாரத்தை நிறுத்த முடியும்

“கெடு என்றால் கெடுதான், சட்டத்தின் கடிகாரத்தை யார் நிறுத்த முடியும்?” என்று சிலர் கேட்பார்கள். நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள். கொரோனா காலத்தில், 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள காலத்தைக் கெடுக் கணக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் கழித்தது. வானம் இடிந்து விழவில்லை. கொள்ளை நோய்க்காக நின்ற கடிகாரம், பஞ்சத்துக்காக ஏன் நிற்கக் கூடாது?

வெளிநாட்டையும் பார்ப்போம். 1950-களில் கென்யாவில் விடுதலைக்காக எழுந்த ஜனங்களைப் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் முகாம்களில் அடைத்துச் சித்திரவதை செய்தது. உயிரோடு இருந்த முதியவர்கள் 2009-ல் லண்டன் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் கெடுவைக் காட்டித் தப்பப் பார்த்தது. உடலுக்கு நேர்ந்த தீங்கு பற்றிய வழக்குகளில் கெடுவைத் தளர்த்த இங்கிலாந்தின் 1980-ஆம் வருஷச் சட்டம் நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. அதைக் கொண்டு 2012 அக்டோபரில் நீதிமன்றம் வழக்கை அனுமதித்தது. 2013 ஜூனில் பிரிட்டிஷ் சர்க்கார் 5,228 பேருக்கு 1 கோடியே 99 லட்சம் பவுன் கொடுத்து, வருத்தமும் தெரிவிக்க வேண்டி வந்தது. பின்னால் பல ஆயிரம் பேர் சேர்ந்து நடத்திய வேறொரு வழக்கு 2018-ல் அதே கெடுவில் மோதித் தோற்றது என்பதும் உண்மை. சட்டத்தில் ஒரு கதவு திறந்திருந்தாலும், அதைத் தள்ளிக்கொண்டே இருக்க ஆள்பலம் வேண்டும் என்பதே பாடம்.

நாம் கோருவது

காலவரம்பு அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் 13-வது இனத்தில் வருகிறது. ராஷ்டிரபதியின் சம்மதத்தோடு தமிழ்நாடு சட்டசபை இதைத் திருத்தலாம். “டில்லி விஷயம்” என்று கோட்டையில் உள்ளவர்கள் கை கழுவ முடியாது. ஆகவே நாம் கோருகிறோம்:

வருவாய்த் துறையிடம் மனு நிலுவையில் இருந்த காலம் முழுவதும் கெடுக் கணக்கிலிருந்து கழிக்கப்பட வேண்டும். சிறு, குறு விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், பிழைப்புக்காக வெளியே போனவர்கள் ஆகியோரின் நில வழக்குகளில், தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் முதல் பிராதுக்கும் கொடுக்கப்பட வேண்டும். பஞ்சமி நிலத்தின் மேல் எந்த எதிரிடை அனுபவமும் செல்லாது என்று சட்டத்தில் எழுத வேண்டும். ஜனங்களின் நிலத்தை எடுத்த வழக்குகளில் சர்க்கார் கெடுவை எதிர்வாதமாகக் காட்டக் கூடாது. யு.டி.ஆர். பிழைகளைத் திருத்த அதிகாரிகள் கிராமத்துக்கு வந்து, பதிவேட்டைப் பகிரங்கமாகப் படித்துக் காட்ட வேண்டும். வேலைநீக்க வழக்குக்கு வைத்த இரண்டு வருஷக் கெடு ரத்தாக வேண்டும்.

சட்டம் மாறும்வரை கைகட்டி நிற்கலாமா? கூடாது. கடன் கொடுப்பவர் கெடுவைப் படித்து வைத்திருப்பதுபோல, நாமும் படித்து வைத்திருக்க வேண்டும். வெற்று நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று வருஷம் கடந்த நோட்டை மாற்றி எழுதக் கேட்டால், சங்கத்தில் விசாரிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள். நிலம் தரிசாகக் கிடப்பதால் மட்டும் உரிமை போய்விடாது; பகிரங்கமாக, தொடர்ச்சியாக, உங்கள் உரிமையை மறுத்து இன்னொருவர் அனுபவித்தால்தான் 12 வருஷக் கணக்கு ஓடும். ஆகவே வருஷத்துக்கு ஒரு தரம் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பாருங்கள். நிலத்தில் கால் வையுங்கள். பூமியை அனுபவ ஒத்திக்குக் கொடுத்து 30 வருஷம் ஆகிவிட்டதே என்று கைவிடாதீர்கள். ஒத்திப் பணம் தீரும் வரை மீட்கும் கெடு தொடங்குவதே இல்லை என்று 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். தாசில்தாரிடம் மனுக் கொடுக்கும் அன்றே, கோர்ட்டுக்குக் கெடு என்றைக்கு என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 1987-ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். இது தர்மம் அல்ல, உரிமை. கேட்டு வாங்குங்கள்.

விவசாயிகள் சங்கத்தின் ஒவ்வொரு கிளையும், விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் ஒவ்வொரு கிளையும், தன் கிராமத்து நில விவகாரங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். யாருடைய நிலம், என்ன தகராறு, எந்தத் தேதியில் தெரிந்தது, எந்தத் தேதியில் கெடு என்று அதில் எழுத வேண்டும். ஒரு ரூல் நோட்டும் ஒரு பேனாவும் போதும். தனி ஆளின் ஞாபகத்தில் தவறிப்போகும் தேதி, சங்கத்தின் ஏட்டில் தவறிப்போகாது.

வீரசோழனிலிருந்து பிழைக்கப் போன ஒருவர் பத்து வருஷம் கழித்து ஊர் திரும்பும்போது, அவருடைய பூமி அவருக்காகக் காத்திருக்க வேண்டும். அதற்கு அந்தச் சட்டத்தைத் திருத்தப் போராடுவோம். திருத்தும் வரை, அவர் பெயரையும் அவருடைய தேதியையும் நம் ஏட்டில் காத்து வைப்போம்.